சென்சார்லெஸ்ஸாம்... சென்சார்லெஸ்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. மின்பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கிறவர்களுக்குக் கோபம் வரலாம். வந்தால் பின்னூட்டத்தில் வந்து திட்டுங்கள், தப்பில்லை.

ஈஈஈ இறுதியாண்டு வைவா. புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒரு கிராஃப். நீலக்கோடு மோட்டாரின் உண்மையான வேகம், சிவப்புக்கோடு கணித்துச் சொன்ன வேகம். ரெண்டும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படிந்திருக்கின்றன. பக்கத்தில் "பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு" என்று ஒரு வரி. டை கட்டிய மாணவர் "மோட்டாரில் சென்சாரே இல்லை சார், எல்லாம் அல்காரிதம்தான்" என்கிறார். எக்ஸ்டர்னல் தலையாட்டுகிறார். அடுத்த டீம் உள்ளே வருகிறது. அவர்களுக்கும் அதே தலைப்பு. ஸ்லைடிங் மோட் அப்சர்வருக்குப் பதிலாக எக்ஸ்டெண்டட் கால்மன் ஃபில்ட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேயும் நீலத்தின்மேல் சிவப்பு அச்சாகப் படிந்திருக்கிறது.

அந்த கிராஃபின் இடது ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை. மோட்டார் நின்றுகொண்டிருந்து கிளம்புகிற அந்த முதல் அரை நொடி. பல ஸ்லைடுகளில் அந்தப் பகுதியே இருக்காது, வேகம் 500 சுற்றுக்கு வந்த பிறகுதான் படம் ஆரம்பிக்கும். மீதி ஸ்லைடுகளில் அந்த இடமும் சுத்தமாக, அழகாக இருக்கும். நிஜத்தில் அப்படி இருக்கவே முடியாது.

இந்தப் பதிவு அந்த அரை நொடியைப் பற்றியது.

ஊஞ்சல் கதை

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. பிரஷ் வைத்த பழைய டிசி மோட்டாருக்கு மூளை தேவையில்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போகவேண்டும் என்பதை ரோட்டாரோடு சேர்ந்து சுற்றும் காமுட்டேட்டரும் பிரஷ்ஷுமே பார்த்துக்கொள்ளும். பிரஷ் இல்லாத மோட்டாரில் (பிஎல்டிசி, பிஎம்எஸ்எம் இரண்டும்தான்) அந்த வேலையை ஒரு சர்க்யூட் செய்யவேண்டும். அதற்கு ரோட்டாரில் இருக்கும் காந்தம் இந்த நொடியில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுகிற மாதிரிதான். ஊஞ்சல் கைக்கு வந்து திரும்புகிற நேரம் பார்த்துத் தள்ளினால் அழகாக ஆடும். தப்பான நேரத்தில் தள்ளினால் குலுங்கி நிற்கும். ஊஞ்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற கண்தான் சென்சார். மோட்டாரில் அது மூன்று ஹால் சென்சாராக இருக்கலாம், தண்டில் மாட்டிய என்கோடராக இருக்கலாம், ரிசால்வராக இருக்கலாம்.

இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளவேண்டும். முடியுமா? முடியும். கயிற்றில் ஒரு கையை வைத்திருந்தால் போதும். ஊஞ்சல் போகும்போது கயிறு இழுக்கும், வரும்போது தளரும். அதை வைத்தே ஊஞ்சல் எங்கே என்று ஊகித்துவிடலாம். இந்தக் கலைக்குத்தான் சென்சார்லெஸ் கட்டுப்பாடு என்று பெயர்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் உடனே புரியும். ஒன்று, கண்ணைக் கட்டினாலும் கை கயிற்றில் இருக்கிறது. அதுவும் உணர்வுதான். ரெண்டாவது, ஊஞ்சல் அசையாமல் நின்றால் கயிறு எதுவும் சொல்லாது. இந்தப் பதிவின் மொத்த சண்டையும் இந்த ரெண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

பெயரே பொய்

மோட்டாரில் கயிற்றின் இழுப்புக்குப் பெயர் பேக் ஈஎம்எஃப். காந்தம் சுற்றும்போது சுருள்களில் தானாக உண்டாகும் மின்னழுத்தம் அது. வேகம் கூடக்கூட அதுவும் அதே விகிதத்தில் கூடும்.

எளிமையான பிஎல்டிசி முறையில் ஒரு நேரத்தில் மூன்று சுருள்களில் இரண்டுக்குத்தான் மின்சாரம் போகும். மூன்றாவது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற சுருளில் பேக் ஈஎம்எஃப் பூஜ்யத்தைக் கடக்கிற கணத்தைப் பிடித்து, அதிலிருந்து 30 மின்பாகை தள்ளி அடுத்த சுருளுக்கு மாற்றினால் மோட்டார் ஓடும். 1985-ல் ஈஸுகா என்பவரும் அவருடைய குழுவினரும் மைக்ரோகம்ப்யூட்டர் வைத்து பிரஷ்லெஸ் மோட்டாரை இப்படி ஓட்டுவதைப் பற்றி ஐஇஇஇ இதழில் எழுதினார்கள். சென்சார்லெஸ் என்ற சொல் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

மாறாக 1992-ல் காலின் ஷாடர் இண்டக்ஷன் மோட்டாரின் வேகத்தைக் கணிக்கும் தன் புகழ்பெற்ற கட்டுரைக்கு, "சுழற்சியை அளக்கும் கருவிகள் இல்லாமல்" என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். எவ்வளவு நேர்மையான தலைப்பு! இல்லாதது எது என்று குறிப்பாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது சென்சார்லெஸ் என்ற சின்ன சொல்லைத்தான். விற்பதற்கு அதுதானே வசதி!

சரி, "சென்சாரே இல்லாத" அந்தக் கன்ட்ரோலர் போர்டைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். வெக்டர் கன்ட்ரோல் செய்கிற போர்டில் ஃபேஸ் மின்னோட்டத்தை அளக்க இரண்டு அல்லது மூன்று ஷன்ட் ரெசிஸ்டர்களோ கரண்ட் சென்சார்களோ இருக்கும். காசை மிச்சம் பிடித்தால் டிசி லைனில் ஒன்றே ஒன்று. டிசி மின்னழுத்தத்தை அளக்க ஒரு டிவைடர். அவற்றைப் படிக்க ஆம்ப்ளிஃபையர், ஏடிசி. சூட்டைப் பார்க்க ஒரு தெர்மிஸ்டர். இவையெல்லாம் சென்சார் இல்லாமல் வேறு என்ன? ஊறுகாயா?

இல்லாமல் போனது தண்டின் மேல் இருந்த ஒரு சென்சார் மட்டும்தான். அது பார்த்த வேலை காணாமல் போகவில்லை. பாதி கரண்ட் சென்சாரின் தலையில் விழுந்தது. மீதிப் பாதி மூன்று எண்களின் தலையில் விழுந்தது: மோட்டார் சுருளின் ரெசிஸ்டன்ஸ், அதன் இண்டக்டன்ஸ், காந்தத்தின் வலிமை. இந்த மூன்றும் தெரிந்தால்தான், கொடுத்த மின்னழுத்தத்திலிருந்து சுருளில் விழுவதைக் கழித்து, மிச்சம் பேக் ஈஎம்எஃப் என்று கண்டுபிடிக்க முடியும். அதாவது, செம்பில் செய்த சென்சாரைக் கழற்றிவிட்டு, நம்பிக்கையில் செய்த சென்சாரை மாட்டியிருக்கிறார்கள்.

தமிழில் இதை "உணரியற்ற கட்டுப்பாடு" என்று எழுதினால் ஆங்கிலப் பொய்யை அப்படியே இறக்குமதி செய்ததாகிவிடும். "தண்டு உணரி இல்லாத கட்டுப்பாடு" என்றாலே உண்மை வந்துவிடுகிறதே. ரெண்டு சொல் கூடுதலாக எழுதுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

"பெயரில் என்ன இருக்கு பாஸ்? வேலை செய்தால் சரி" என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் கூடத் தேவையில்லை.

ஒன்றரை குதிரைத்திறன் மாதிரி ஒரு பிஎம்எஸ்எம் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்றில் பேக் ஈஎம்எஃப் 150 வோல்ட். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 0.1 வோல்ட். சுருளின் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம், முழு லோடில் மின்னோட்டம் 5 ஆம்பியர். சுருளில் விழும் மின்னழுத்தம் 5 வோல்ட்.

செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். மோட்டார் ஓடி ஓடி 80 டிகிரி சூடேறினால் 1 ஓம் 1.31 ஓம் ஆகிவிடும். சுருளில் விழுவது இப்போது 6.55 வோல்ட். அல்காரிதத்துக்கு இது தெரியாது, அது இன்னும் 5 வோல்ட்தான் கழிக்கும். பிழை 1.55 வோல்ட்.

1500 சுற்றில் 150 வோல்ட்டுக்கு முன்னால் 1.55 வோல்ட் ஒரு கொசு. ஸ்லைடில் வருகிற அந்த "1 சதவீதம்" இங்கேதான் பிறக்கிறது. அதே மோட்டார் நிமிடத்துக்கு 15 சுற்றில் முழு லோடோடு சுற்றினால்? பேக் ஈஎம்எஃப் வெறும் 1.5 வோல்ட். பிழை 1.55 வோல்ட். தேடுகிற பொருளைவிடக் குப்பை பெரிசு!

இதுவாவது சூட்டினால் வரும் தொல்லை. இன்வெர்ட்டரில் இன்னொன்று இருக்கிறது. மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி ஷார்ட் ஆகிவிடக்கூடாது என்பதற்காக நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள், டெட் டைம் என்று பெயர். 300 வோல்ட் டிசி, 10 கிலோஹெர்ட்ஸ், 2 மைக்ரோ செகண்ட் டெட் டைம் என்று எடுத்துக்கொண்டால் காணாமல் போகும் மின்னழுத்தம் சராசரியாக 6 வோல்ட். 60 சுற்றில் வரும் பேக் ஈஎம்எஃப்பும் அதே 6 வோல்ட்தான். இதைச் சரிக்கட்ட வழி உண்டு. ஆனால் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் எந்தப் பக்கம் சரிக்கட்டுவது என்று அதற்கே குழப்பம் வரும்.

வேகம் பூஜ்யம் என்றால் கேட்கவே வேண்டாம். பேக் ஈஎம்எஃப்பும் பூஜ்யம். கால்மன் வந்தாலும் லூயன்பெர்கர் வந்தாலும் இல்லாத சிக்னலிலிருந்து பதிலை எடுக்க முடியாது. அல்காரிதத்தை மாற்றினால் தீருகிற பிரச்னை இல்லை இது, மோட்டாரின் இயற்பியலே அப்படி.

விடைத்தாளை வைத்துக்கொண்டு பரீட்சை

அப்படியென்றால் வைவாவில் மட்டும் எப்படி நீலத்தின்மேல் சிவப்பு ஒட்டிக்கொள்கிறது? மிகவும் சுலபம். சிமுலிங்க்கில் மோட்டார் பிளாக்குக்கு ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் என்று கொடுப்பார்கள். அப்சர்வருக்கும் அதே ஃபைலிலிருந்து அதே 1 ஓம் போகும். மோட்டார் சூடாகாது. காந்தம் வலிமை இழக்காது. டெட் டைம் கிடையாது. கரண்ட் சென்சாரில் ஒரு மில்லிவோல்ட் ஆஃப்செட் கூட இருக்காது. ரோட்டாரின் தொடக்கக் கோணம் பூஜ்யம் என்றே விடப்படும், அப்சர்வரும் பூஜ்யத்திலிருந்தே கிளம்பும். அதாவது கண்டுபிடிக்கவேண்டிய விடையை முதல் நொடியிலேயே காதில் சொல்லியாகிவிட்டது.

இது விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது. நூற்றுக்கு நூறு வராமல் போனால்தான் ஆச்சரியம். ஒரு சமன்பாடு தனக்குத்தானே சமம் என்று 60 பக்கத்தில் நிரூபித்து, கோல்டன் கலர் எழுத்தில் பைண்டிங் செய்து லைப்ரரியில் வைக்கிறார்கள்.

"ஐஇஇஇ ப்ராஜெக்ட்" என்று போர்டு மாட்டி விற்கிற கடைகளைச் சொல்லவே வேண்டாம். டைட்டில் லிஸ்டில் இந்தத் தலைப்பு நிச்சயம் இருக்கும், ஏனென்றால் ஹார்டுவேர் இல்லாமல் முடித்துவிடலாம். பாவம், சென்சார்லெஸ் என்பதை மோட்டார்லெஸ் என்று புரிந்துகொண்டார்கள் போல!

எதிர்க்கட்சியின் வாதங்கள்

இப்படிச் சொன்னால் உடனே ஆட்கள் வருவார்கள். வரட்டும், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"உலகம் முழுக்க ஏசி கம்ப்ரஸர் இப்படித்தானே ஓடுகிறது?" ஆமாம், ஓடுகிறது. இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரஸர் மோட்டார் ஒரு மூடிய இரும்புக் குடுவைக்குள், குளிர்பதன வாயுவிலும் ஆயிலிலும் சூட்டிலும் கிடக்கிறது. உள்ளே போவது மூன்றே பின். அங்கே ஹால் சென்சார் வைத்து அதற்குத் தனி ஒயர் இழுத்தால் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கசிவு வாய்ப்பு. அந்த இடத்தில் தண்டு சென்சார் இல்லாத முறைதான் ராஜா. சந்தேகமே இல்லை.

"பிஎல்டிசி சீலிங் ஃபேன்?" அதுவும் சரியான இடம்தான். 75 வாட் சாப்பிட்ட பழைய ஃபேன் போய் 30 வாட் மாதிரி சாப்பிடுகிற ஃபேன் வந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம் ஆன பிறகு கடைக்குக் கடை இதுதான் பேச்சு. இவற்றில் பெரும்பாலும் தண்டு சென்சார் கிடையாது. ஆனால் ஏன் இங்கே இது ஜெயிக்கிறது என்று பாருங்கள். ஃபேனின் சுமை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நிற்கிற ஃபேனுக்குச் சுமையே இல்லாத மாதிரி. அதனால் குருட்டாம்போக்கில் கிளப்பினாலும் கிளம்பிவிடும்.

வீட்டில் அப்படியொரு ஃபேன் இருந்தால் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். சிலது முதலில் ஒரு துடிப்பு துடித்து நிற்கும். சிலது கொஞ்சம் தப்புத் திசையில் போய்விட்டுத் திரும்பி வரும். ரோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாததால், கன்ட்ரோலர் ஒரு சுருளுக்கு மின்சாரம் கொடுத்துக் காந்தத்தைத் தனக்குத் தெரிந்த இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக வேகத்தை ஏற்றுகிறது. பேக் ஈஎம்எஃப் போதுமான அளவு வந்ததும்தான் கண்ணைத் திறக்கிறது. வைவா ஸ்லைடில் வெட்டி எறியப்பட்ட அந்த அரை நொடி வீட்டு உத்தரத்தில் ஓசியில் ஓடிக்கொண்டிருக்கிறது!

"போர்வெல் மோட்டார்?" அதுவும் சரி. சோலார் பம்புகளில் வருகிற பிரஷ்லெஸ் நீர்மூழ்கி மோட்டாருக்கு 300 அடி ஆழத்தில் தண்ணீருக்குள் சென்சார் ஒயர் இறக்க யாருக்கும் ஆசை வராது. பம்பின் சுமையும் ஃபேன் மாதிரிதான். ஆனால் அங்கே இன்னொரு பாடம் இருக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். 300 அடிக்கு ஒரு கம்பியிலேயே கிட்டத்தட்ட 0.7 ஓம். மேலே இருக்கிற கன்ட்ரோலருக்கு மோட்டார் எது, கேபிள் எது என்று பிரித்துத் தெரியாது. மோட்டாரின் 1 ஓம் அதற்கு 1.7 ஓமாகத்தான் தெரியும். டேட்டாஷீட்டைப் பார்த்து 1 என்று டைப் செய்தவர் கதை என்னாகும்? கோயம்புத்தூர் பக்கம் பம்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போகப்போகிற எத்தனை பேருக்குக் கேபிள் நீளமும் ஒரு மோட்டார் பாராமீட்டர்தான் என்று வகுப்பில் சொல்லித் தரப்படுகிறது?

"பூஜ்ய வேகப் பிரச்னையைத்தான் ஹை ஃப்ரீக்வென்சி இன்ஜெக்ஷன் தீர்த்துவிட்டதே!" இதுதான் விஷயம் தெரிந்தவர்களின் வாதம். மரியாதையோடு பதில் சொல்லவேண்டியது. ஊஞ்சல் நிற்கும்போது கயிற்றைத் தானே மெல்ல ஆட்டிப் பார்ப்பது இது. மோட்டாருக்குள் சிறிய, வேகமான ஒரு மின்னழுத்தத்தைக் கூடுதலாக அனுப்பி, மின்னோட்டம் எந்தத் திசையில் சுலபமாகப் போகிறது என்று பார்த்துக் காந்தத்தின் இருப்பிடத்தை ஊகிப்பார்கள். 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேன்சனும் லோரன்ஸும், வியன்னாவில் ஷ்ரோடலும் வெவ்வேறு வழியில் இதைச் செய்து காட்டினார்கள். அருமையான வேலை, மறுப்பே இல்லை.

ஆனால் நிபந்தனைகளைப் படிக்கவேண்டும். ரோட்டாரின் ஒரு திசையில் இண்டக்டன்ஸ் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் இருந்தால்தான் இது வேலை செய்யும். காந்தத்தை உள்ளே புதைத்த ரோட்டாரில் அந்த வித்தியாசம் நன்றாக இருக்கும். மேற்பரப்பில் ஒட்டிய ரோட்டாரில் அநேகமாக இருக்காது. வித்தியாசம் இருந்தாலும் வடதுருவம் எது, தென்துருவம் எது என்று சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு பெரிய பல்ஸ் அடித்துப் பார்க்கவேண்டும். லோடு ஏற ஏற இரும்பு திகட்டிப்போய் அந்த வித்தியாசமே இடம் மாறும். காதுக்குக் கேட்கிற கீச்சுச் சத்தம் வேறு. இதற்கெல்லாம் மேல், அந்தச் சின்ன மின்னோட்டத்தைத் துல்லியமாக அளக்க நல்ல கரண்ட் சென்சார் வேண்டும். சென்சாரைக் கழற்றிய கதை கடைசியில் இன்னும் நல்ல சென்சார் வாங்குவதில் வந்து நிற்கிறது!

இண்டக்ஷன் மோட்டாரில் இன்னும் மோசம். ஸ்டேட்டருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண் பூஜ்யமாகி, உள்ளே காந்தப்புலம் அசையாமல் நின்றுவிட்டால், ரோட்டாரின் வேகம் வெளியே இருக்கும் மூன்று ஒயரிலும் தெரியவே தெரியாது. ரோட்டார் நிற்கவேண்டும் என்பது கூட இல்லை. பாரத்தை மெதுவாக இறக்கும் கிரேனில் ரோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்தப் புள்ளியில் மாட்டிக்கொள்ளலாம். கொக்கியில் தொங்குவது டன் கணக்கில் இரும்பு என்றால் யோசித்துப் பாருங்கள்.

எங்கே ஆபத்து?

ஃபேன் தப்புத் திசையில் அரைச் சுற்று போனால் சிரித்துவிட்டுப் போகலாம். லிஃப்ட் அப்படிப் போகலாமா? கியர் இல்லாத லிஃப்ட் மோட்டார்களில் தண்டில் என்கோடர் மாட்டுவது ஆடம்பரத்துக்கு இல்லை. பிரேக்கை விடும் கணத்தில் வேகம் பூஜ்யம், ஆனால் சுமை முழுசாக இருக்கிறது. கண் இல்லாமல் செய்யவே கூடாத நேரம் அது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஹப் மோட்டார்களுக்குள் இன்றும் மூன்று ஹால் சென்சார் இருக்கிறது. சில பத்து ரூபாய் சமாசாரம். அதில் ஒரு ஒயர் அறுந்துவிட்டால், ரெண்டு முறையிலும் ஓடக்கூடிய சில கன்ட்ரோலர்கள் தாமாகவே சென்சார் இல்லாத முறைக்குத் தாவும். நின்ற இடத்தில் த்ராட்டிலைத் திருகினால் வண்டி வெட்டி வெட்டித் துடிக்கும். காலால் ரெண்டு உந்து உந்தி உருட்டிவிட்டால் பிறகு வெண்ணெய் மாதிரி ஓடும். இந்த மொத்தப் பதிவின் சாரமும் அந்த ரெண்டு உந்தில் இருக்கிறது. மேம்பால ஏற்றத்தில், பின்னால் லாரி நிற்க, சிக்னல் பச்சை விழும்போது காலால் உந்துகிறவருக்கு "பிழை 1 சதவீதம்" என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கேதான் கல்லூரி ப்ராஜெக்ட் வெறும் கல்லூரி ப்ராஜெக்ட்டாக நிற்பதில்லை. "பசங்க ப்ராஜெக்ட்தானே, விடுங்கப்பா" என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பலமான எதிர்வாதம், ஆபத்தான எதிர்வாதமும் அதுதான். அந்தப் பசங்கள்தான் ஒரு வருஷத்தில் ஸ்கூட்டர் கம்பெனியிலும் பம்ப் கம்பெனியிலும் உட்காரப் போகிறார்கள். "ஹால் சென்சாரை எடுத்துவிட்டால் வண்டிக்கு இவ்வளவு ரூபாய் மிச்சம்" என்று மேனேஜர் சொல்லும்போது, "சார், பூஜ்ய வேகத்தில் முழு டார்க் வேண்டுமே" என்று எழுந்து சொல்ல யாராவது ஒருவர் வேண்டும். சென்சார்லெஸ் என்றால் சென்சார் தேவையில்லை என்று நான்கு வருஷம் படித்தவர் அதைச் சொல்லமாட்டார். அவர் பார்த்த கிராஃபில் அந்தப் பிரச்னை இருந்ததே இல்லை.

என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

ஹார்டுவேர் செய்யக் காசில்லை, லேபில் டிரைவ் இல்லை என்பதெல்லாம் நிஜம். அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. சிமுலேஷனிலேயே, ஒரு பைசா செலவில்லாமல், நேர்மையாக இருக்கலாம். ஐந்தே ஐந்து சோதனை:

1. மோட்டார் பிளாக்கின் ரெசிஸ்டன்ஸை மட்டும் 1.3 மடங்கு ஆக்குங்கள். அப்சர்வரில் பழைய எண்ணே இருக்கட்டும். ஃபெரைட் காந்தம் என்றால் டிகிரிக்கு 0.2 சதவீதம் வலிமை குறையும், 50 டிகிரிக்கு 10 சதவீதம். அதையும் குறையுங்கள்.

2. ரோட்டாரின் தொடக்கக் கோணத்தை 0, 90, 180, 270 மின்பாகை என்று மாற்றி மாற்றிக் கிளப்புங்கள். 180-ல் என்ன ஆகிறது என்று பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

3. இன்வெர்ட்டரில் 2 மைக்ரோ செகண்ட் டெட் டைம் போடுங்கள். கரண்ட் சென்சாருக்குக் கொஞ்சம் ஆஃப்செட்டும் இரைச்சலும் சேருங்கள்.

4. முழு லோடில், முழு வேகத்தின் 1 சதவீதத்தில் பத்து நொடி ஓட்டுங்கள்.

5. முன்னோக்கி ஓடுவதை மெதுவாகப் பின்னோக்கித் திருப்புங்கள். பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் சிவப்புக்கோட்டைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

எல்லா அல்காரிதமும் இதில் எங்காவது விழும். விழட்டும். எங்கே விழுகிறது, எந்த வேகத்துக்குக் கீழே நம்பக்கூடாது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். அந்த ஒரு பக்கம், ஒட்டிப் படிந்த கோடுகளுள்ள அறுபது பக்கத்தைவிடப் பெறுமதியானது. ஷாடரின் கட்டுரைக்குப் பிறகு முப்பது வருஷமாக உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்துகொண்டே இருப்பது இந்த விழுகிற இடத்தைச் சுற்றித்தான். அதை மறைத்துவிட்டால் ஆராய்ச்சி செய்ய அங்கே மீதி என்ன இருக்கிறது?

தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன ட்ரோன் மோட்டாரும் அதற்கான ஈஎஸ்சியும் வாங்குங்கள். ப்ரொப்பெல்லர் மாட்டவே மாட்டாதீர்கள், விரல் முக்கியம். மிகக் குறைந்த த்ராட்டிலில் ஓடவிட்டு, சுற்றுகிற கூட்டின் ஓரத்தில் ஒரு துணியை லேசாக அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் மோட்டார் ஒத்திசைவை இழந்து துடித்துக் கிறீச்சிடும், நிற்கும், மறுபடி கிளம்பப் பார்க்கும். பேக் ஈஎம்எஃப் தீர்ந்துபோவது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும். எந்தப் பாடப்புத்தகமும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

எக்ஸ்டர்னல்களுக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து அடுத்த வைவாவில் அப்சர்வரின் கெயின் என்ன, லியாபுனோவ் ஃபங்ஷன் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். மோட்டாருக்கும் அப்சர்வருக்கும் ஒரே ரெசிஸ்டன்ஸா என்று கேளுங்கள். முதல் அரை நொடி எங்கே என்று கேளுங்கள்.

டை கட்டிய அந்த மாணவர் ஒரு நிமிஷம் முழிப்பார். முழிக்கட்டும். அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து, தொடக்கக் கோணத்தில் 180 என்று டைப் செய்து ரன் கொடுப்பார். நீலக்கோடு ஒரு பக்கம், சிவப்புக்கோடு இன்னொரு பக்கம் போகும். அவருடைய ப்ராஜெக்ட் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்.